எட்டுக்கால் விருந்தாளி

படுவான்கரையிலே வேளாண்மை காவலுக்குச் செல்லும் ஒருவனை எண்ணிப் பாருங்கள். கதிர் முற்றிய வயலின் அருகே, நள்ளிரவிலே, பரண்மீது அவன் தனித்திருக்கிறான். காட்டோரத்தில் மரக்கிளை முறியும் ஓசை கேட்கிறது. வந்திருப்பது யானை என்பதை அவன் அறிவான், அறிந்தும் கலங்குவதில்லை. தீப்பந்தத்தை உயர்த்திப் பிடித்துக் கூவி, அயல்வயற் காவற்காரரையும் எழுப்பி, அந்தப் பெரிய உருவத்தை வந்த வழியே திருப்பிவிடுகிறான். பொழுது புலர்ந்தபின் வீடு வந்து சேர்ந்து, கொடியிற் கிடந்த துவாயை எடுக்கிறான். மடிப்புக்குள்ளிருந்து உள்ளங்கையளவான சிலந்தியொன்று வெளிப்பட்டு அவன் முழங்கைமீது ஓடுகிறது. அவ்வளவுதான்! யானையைத் திருப்பிய வீரன் துவாயை வீசிவிட்டு முற்றத்திலே நிற்கிறான். குசினி வாயிலிலே பெண்டிரும் பிள்ளைகளும் சிரிப்பை அடக்க மாட்டாமல் நிற்கிறார்கள்.

இத்தகைய காட்சியைக் கண்டிராத குடும்பம் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் அரிதாகவே இருக்கும். யானைக்கு அஞ்சாத நெஞ்சம் சிலந்திக்கு அஞ்சுவானேன்? இவ்வாரம் இவ்வினாவைச் சிறிது ஆராய்வோம். இது சிரித்துவிட்டு மறந்துவிடத்தக்க விஷயம் அன்று. இந்த அச்சத்தால் இரவு முழுவதும் உறங்காது விழித்திருக்கும் குழந்தைகள் பலர். அதனினும் மேலாக, வேறொரு நோயின் பழியைச் சிலந்தியின் தலையிலே சுமத்திவிட்டு, தக்க வைத்தியத்தைத் தவறவிடுவோரும் நம்மிடையே உளர்.

மாரியும் விளக்கும்

நமது வாவி ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளமுடையது. அதற்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல்நிலம் எழுவான்கரை. தென்னந்தோப்புகளும் நெருங்கிய குடியிருப்புகளும் நிறைந்தது. மேற்கே நெல்வயலும் குளமும் காடுமாக விரிந்து கிடப்பது படுவான்கரை. நீரோரங்களிலே கண்டல் மரங்கள் செறிந்துள்ளன. வெப்பமும் ஈரமும் ஒருங்கே நிலவும் இத்தகைய நாட்டிலே பூச்சிகளுக்குக் குறைவில்லை. பூச்சிகள் உள்ள இடத்திலே அவற்றை உண்டு வாழும் சிலந்திகளுக்கும் குறைவில்லை.

மாரிகாலம் வந்ததும் நிலைமை இன்னும் முற்றுகிறது. வடகீழ்ப் பருவமழை பொழிய, வளைகளிலும் சருகுகளுக்கடியிலும் வாழ்ந்த ஜந்துக்கள் உலர்ந்த இடந்தேடி மேலேறுகின்றன. மரம், வேலி, சுவர், கூரை என்று ஏறிவந்தவை ஈற்றிலே நமது அறைக்குள்ளும் புகுகின்றன. இரவிலோ நாம் ஏற்றிவைக்கும் விளக்கு ஈசலையும் தத்தியையும் வயலிலிருந்து அழைத்து வருகின்றது. அவற்றைத் தொடர்ந்து பல்லி வரும்; சிலந்தியும் வரும். ஆகவே சிலந்தி நம்மைத் தேடி வருவதில்லை. நமது விளக்கைத் தேடி வந்த பூச்சியையே அது தேடி வருகிறது.

வெள்ளம் வந்தால் சிலந்திகள் யாது செய்யும் என்பதை உலகமே வியந்து நோக்கிய ஓர் உதாரணம் உண்டு. 2010ஆம் ஆண்டில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திலே பெருவெள்ளம் பரவி, பல மாதங்கள் வடியாது நின்றது. நிலத்தை இழந்த சிலந்திகள் இலட்சக்கணக்கிலே மரங்களில் ஏறி வலை பின்னின. மரங்கள் அடிமுதல் நுனிவரை வெண்டுகில் போர்த்தவைபோல நின்ற படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பார்ப்பதற்கு அச்சந்தரும் காட்சிதான். ஆயினும், தேங்கிய நீரின் அளவுக்கு நுளம்புகள் பெருகவில்லை என்று அவ்வூர் மக்கள் கூறினார்கள். அவ்வலைகளிலே சிக்கியவை எத்தனை நுளம்புகளோ!

அச்சம் எங்கிருந்து வந்தது?

சிலந்தியைக் கண்டு அஞ்சுவோரைக் கோழைகள் என்று இகழ்வது நியாயமன்று. இந்த அச்சத்தின் வேர் ஆழமானது. 2017ஆம் ஆண்டில் ஜெர்மனி, சுவீடன் தேசங்களைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் ஒரு பரீட்சையின் முடிவை வெளியிட்டனர். பெற்றோர் மடியிலிருந்த ஆறு மாதக் குழந்தைகளுக்குப் பூ, மீன், சிலந்தி, பாம்பு ஆகியவற்றின் படங்களைக் காட்டினார்கள். பூவையும் மீனையும் பார்த்தபோதைவிட, சிலந்தியையும் பாம்பையும் பார்த்தபோது குழந்தைகளின் கண்மணி அதிகமாக விரிந்தது. உள்ளம் திடுக்கிட்டு விழிப்படைந்தமைக்கு அது அறிகுறி. பேசவும் நடக்கவும் அறியாத சிசுவுக்குச் சிலந்தியைப்பற்றி எவரும் கதை சொல்லிக் கொடுத்திருக்க முடியாதன்றோ? ஆதியிலே காட்டிலும் குகையிலும் வாழ்ந்த நம் முன்னோருக்குப் பயன்பட்ட எச்சரிக்கை உணர்ச்சியின் எச்சம் இது என்று அவ்வாராய்ச்சியாளர் கருதுகின்றனர்.

ஆனால் திடுக்கிடுவது வேறு. அஞ்சி நடுங்குவது வேறு. முன்னையது பிறவியிலே வருவது. பின்னையதைப் பெரும்பாலும் வீட்டிலேதான் கற்கிறோம். அமெரிக்காவில் 1980களிலே சூசன் மினேக்கா, மைக்கேல் குக் என்னும் உளநூலறிஞர் குரங்குகளைக்கொண்டு இதனை ஆராய்ந்தனர். ஆராய்ச்சிச்சாலையிலேயே பிறந்து வளர்ந்த குரங்குகள் பாம்பைக் கண்டு அஞ்சவில்லை. காட்டிலே பிறந்த குரங்கொன்று பாம்பைக் கண்டு அலறுவதைப் பார்த்த சில நிமிடங்களிலேயே அவையும் அஞ்சத் தொடங்கின; அவ்வச்சம் பின்னரும் நீங்கவில்லை. இன்னொரு விந்தையும் உண்டு. குரங்கொன்று பூவைக் கண்டு அலறுவதுபோலத் திரைப்படத்தைத் திருத்திக் காட்டியபோது, பார்த்த குரங்குகள் பூவுக்கு அஞ்சக் கற்றுக்கொள்ளவில்லை! சில பொருள்களுக்கு அஞ்சுவதற்கு உள்ளம் முன்னரே ஆயத்தமாக இருக்கிறது. தாயின் அலறலோ தமையனின் ஓட்டமோ அதனைப் பற்றவைக்கிறது.

ஆகவே, தாய்மாரே, சுவரிலே சிலந்தியைக் கண்டு நீங்கள் எழுப்பும் கூக்குரல் அந்தக் கணத்தோடு முடிந்துவிடுவதில்லை. பக்கத்திலே நிற்கும் பிள்ளையின் உள்ளத்திலே அது நெடுங்காலம் ஒலித்துக்கொண்டிருக்கும்.

சிலந்திமேற் சுமத்திய பழி

இனி, அச்சத்துக்கு ஆதாரமாக நாம் கூறும் காரணங்களைப் பார்ப்போம். தமிழிலே சிலந்தி என்னும் சொல்லுக்கு எட்டுக்காற் பூச்சி என்பதோடு, ஒருவகைப் புண்கட்டி என்ற பொருளும் உண்டு. உடம்பிலே திடீரெனக் கொப்புளங்கள் தோன்றினால், “சிலந்தி எச்சமிட்டுவிட்டது” என்றும், “சிலந்தி ஊர்ந்துவிட்டது” என்றும் பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பின்னர் பார்வை பார்ப்பதும் பூச்சு மருந்து தடவுவதுமாக நாட்கள் கழிகின்றன. உண்மையில் இக்கொப்புளங்களுக்குப் பெரும்பாலும் காரணமானவை இரண்டு. அவ்விரண்டும் சிலந்தி அல்ல.

முதலாவது, ஒரு சிறு வண்டு. எறும்புபோன்ற மெல்லிய உடல். ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைந்த நீளம். கறுப்பும் செம்மஞ்சளும் மாறிமாறி அமைந்த நிறம். நடுவிலே நீலச்சாயல் பொருந்திய குட்டைச் சிறகுறை. நெல்வயலிலே வாழும் இவ்வண்டு மழைக்குப்பின் விளக்கொளியை நாடி வீட்டுக்குள் வரும். இது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. கழுத்திலோ கையிலோ ஊரும்போது நாம் அதனை அடித்து நசுக்கிவிட்டால், அதன் உடலிலுள்ள எரிநீர் தோலிற் படிகிறது. ஒருநாள் அல்லது இரண்டுநாள் கழித்து, நசுக்கித் தேய்த்த கோட்டின் வழியே தோல் சிவந்து கொப்புளிக்கிறது. அதற்குள் வண்டை மறந்துவிடுகிறோம். கூரையிலே குந்தியிருக்கும் சிலந்தியே கண்ணிற் படுகிறது, குற்றவாளி அகப்பட்டுவிட்டான்! இவ்வண்டு மேலே ஊர்ந்தால் நசுக்காது ஊதித் தள்ளுங்கள். பட்ட இடத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். கழுவாத கையாற் கண்ணைத் தொடாதீர்கள்.

இரண்டாவது காரணமே மிக முக்கியமானது. உடலின் ஒரு பக்கத்திலே மட்டும், பட்டி கட்டியதுபோல, எரிவோடும் குத்துவலியோடும் கொப்புளங்கள் கூட்டமாகத் தோன்றுவதுண்டு. அக்கி என்று கூறப்படும் இந்நோய் கொப்புளிப்பான் நோயின் கிருமியால் வருவது. சிறு வயதிலே அம்மாள் வருத்தம் கண்டு குணமடைந்தவரின் நரம்புகளிலே அக்கிருமி பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, உடல் தளரும் வேளையிலே மீண்டும் விழித்தெழுகிறது. இதற்குத் தக்க மருந்து இக்காலத்தில் உண்டு. ஆனால் கொப்புளம் தோன்றிய மூன்று நாட்களுக்குள் அதனைத் தொடங்குவதே சிறந்தது. நாட் கடத்தினால், புண் ஆறிய பின்னரும் மாதக்கணக்கிலே நரம்புவலி நின்று வருத்தக்கூடும். முதியோருக்கு இது பெருந்துன்பம். நெற்றியிலோ கண்ணருகிலோ தோன்றினால் பார்வைக்கே ஆபத்து. அம்மம்மாவின் விலாவிலே எழுந்த கொப்புளத்துக்குச் சிலந்தியைக் குற்றஞ்சாட்டிக்கொண்டு ஒரு கிழமை காத்திருப்போர், அந்த மூன்று நாட்களை அல்லவா இழந்துவிடுகின்றனர்? பெரியோர் மனந்திருப்திக்காகப் பார்வை பார்ப்பதாயின் பார்க்கட்டும். ஆனால் ஆஸ்பத்திரிக்குச் சென்று வந்தபின் அதனைச் செய்யலாம்.

வீட்டிலே வாழும் மூவர்

நம் வீட்டிலே அடிக்கடி காணும் சிலந்திகளை இனங்கண்டு கொள்வது நல்லது. பெயரும் தொழிலும் தெரிந்த அயலவனைக் கண்டு எவரும் அவ்வளவாக மிரளுவதில்லை.

முதல்வர், நமது காவற்காரனை முற்றத்துக்கு விரட்டியவர். கபில நிறம், தட்டையான உடல், நண்டுபோலப் பக்கவாட்டிலே பரந்த நீண்ட கால்கள். படத்தின் பின்னாலும் கதவிடுக்கிலும் பகலைக் கழித்து இரவிலே வெளிவருவார். இவர் வலை பின்னுவதில்லை, ஓடி வேட்டையாடுபவர். விஞ்ஞானிகள் இவருக்கு இட்ட இலத்தீன் பெயரின் பொருளும் வேட்டைக்காரி என்பதே. இவருக்குப் பிடித்த உணவு கரப்பொத்தான். குசினியிலே கரப்பொத்தானை ஒழிப்பதற்கு நாம் காசு கொடுத்து நஞ்சு வாங்குகிறோம். இவர் கூலியின்றி அவ்வேலையைச் செய்கிறார். சிலவேளைகளில் வயிற்றின்கீழே நாணயம்போன்ற வெண்ணிறத் தட்டொன்றை அணைத்துக்கொண்டு செல்வதைக் காணலாம். அது முட்டைப்பை. அந்நிலையிலே தும்புத்தடியை ஓங்குபவர் ஒரு தாயை அடிக்கிறார் என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும். கைக்குள் அகப்பட்டு நெரிந்தால் இவர் கடிக்கக்கூடும். கடித்த இடம் நோகும். தாமாக வந்து மனிதரைத் தாக்குவதில்லை.

இரண்டாமவர் கூரை மூலையிலே ஒழுங்கற்ற வலை கட்டித் தலைகீழாகத் தொங்கும் நெட்டைக்கால் சிலந்தி. நூல்போன்ற கால்களை உடையவர். தொட்டால் ஊஞ்சல்போல உடலை விரைவாகச் சுழற்றிக் கண்ணுக்குத் தெரியாமற் போக முயல்வார். இதுவே அவருக்குத் தெரிந்த தற்காப்பு. நுளம்பும் சிறு பூச்சியும் இவர் உணவு. வெறுமையாகித் தூசி படிந்த ஒட்டறையைத் துடைத்துவிடுங்கள். அது வீட்டுக்கு அழகன்று. குடியிருப்பவரை மட்டும் ஒரு மூலையிலே விட்டுவைத்தால் நட்டமில்லை.

மூன்றாமவர் பாயும் சிலந்தி. விரல்நகத்தளவான உருவம். யன்னற் சட்டத்திலே வெயில் காயும் இவரை நீங்கள் நோக்கினால், இவரும் திரும்பி உங்களை நோக்குவார். முகப்பிலுள்ள இரண்டு பெரிய கண்களும் மிகக் கூர்மையானவை. பூனைபோலப் பதுங்கிச் சென்று இலையான்மீது பாய்வார். மாணவர்கள் சிலந்தியைப்பற்றி அறியத் தொடங்குவதற்கு இவரே தகுந்த ஆசிரியர். இவருக்கு அஞ்சும் பிள்ளைகள் மிகச் சிலரே.

மாங்குளத்திலே கண்டது

அப்படியானால் அஞ்சத்தக்க சிலந்தியே இலங்கையில் இல்லையா எனில், மதித்து விலகி நிற்கவேண்டிய ஒரு வகை உண்டு. சிங்களத்திலே திவி மகுளுவா, அஃதாவது சிறுத்தைச் சிலந்தி, என்று அழைக்கப்படும் மரவாழ் பெருஞ்சிலந்தி அது. உடலெங்கும் மயிர், சாம்பல் நிறத்திலே நுண்ணிய கோலங்கள், கால்களின் அடியிலே மஞ்சட் பட்டைகள். மரப்பொந்துகளில் வாழும், காடு குறையும்போது பழைய கட்டிடங்களுக்குள்ளும் புகும். இது கடித்தால் கடுமையான வலியும் தசைப்பிடிப்பும் உண்டாகும். சிலருக்குத் தசைப்பிடிப்பு சில நாள் கழித்தும் வருவதுண்டு. கடிபட்டவர் தாமதியாது ஆஸ்பத்திரிக்குச் செல்லல் வேண்டும்.

இவ்வினத்தைப்பற்றிய ஒரு சம்பவம் உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வெளிவந்தது. உள்நாட்டு யுத்தம் ஓய்ந்த 2009ஆம் ஆண்டிலே, வடமாகாணத்து மாங்குளப் பகுதி மக்கள் தாங்கள் கொன்ற பெருஞ்சிலந்தியொன்றை ஆராய்ச்சியாளரிடம் கொடுத்தனர். அதன் கோலம் முன்னறிந்த இனங்களிலிருந்து வேறுபட்டிருப்பதை ரணில் நாணாயக்கார என்னும் ஆராய்ச்சியாளரும் அவரது குழுவினரும் கண்டனர். உயிருள்ளவற்றைத் தேடி அப்பகுதி மரங்களை ஆராய்ந்தனர். சில மரங்களிலும், மாங்குளம் ஆஸ்பத்திரியின் பழைய வைத்தியர் விடுதியிலும் அவை அகப்பட்டன. கால்களை விரித்தால் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர்! ஒரு சாப்பாட்டுக் கோப்பையின் அகலம். யுத்தத்தின் அபாயம் முற்றும் நீங்காத அந்நிலப்பகுதியிலே வழிகாட்டியாக உடன்சென்று உதவிய பொலிஸ் உத்தியோகத்தர் மைக்கேல் ராஜகுமார் புராஜா என்பவரின் பெயரால் அச்சிலந்திக்கு ‘ராஜேய்’ என்று பெயரிட்டனர். 2012ஆம் ஆண்டின் இறுதியிலே அவர்களது கட்டுரை வெளியாயிற்று.

ஒரு கிராமத்தார் அச்சத்தால் அடித்துக்கொன்ற உயிரே உலகறிய ஒரு பெயரைப் பெற்றது என்பது சிந்திக்கத்தக்கது. இத்தகைய சிலந்திகளை அயல்நாட்டார் விலைகொடுத்து வாங்கி வளர்ப்பதால் அவை அருகிவரும் நிலை ஏற்பட்டது. 2019ஆம் ஆண்டிலே ஜெனீவாவில் கூடிய சர்வதேச மாநாடு, இச்சிலந்திப் பேரினம் முழுவதன் ஏற்றுமதி வியாபாரத்தையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. நாம் கண்டால் கல்லெறியும் ஜந்துவைக் காப்பதற்கு நாடுகள் கூடி உடன்படிக்கை செய்கின்றன!

வயலிலே ஒரு காவற்படை

வீட்டைவிட்டு வயலுக்கு வருவோம். நெற்பயிரின் அடியிலே, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஓநாய்ச் சிலந்தி என்னும் வேட்டைச் சிலந்தி வாழ்கிறது. இரவிலே நெற்றியோடு சேர்த்து மின்சூளைப் பிடித்து வரம்பிலே ஒளியைப் பாய்ச்சினால், புல்லிடையே பனித்துளிபோல மின்னும் ஒளிப்பொறிகளைக் காணலாம். அவற்றுட் பல அச்சிலந்தியின் கண்கள். நெல்லைக் கருக்கும் கபில நிறத் தத்தியே அதன் முக்கிய இரை.

இக்காவற்படையை அழித்தால் என்ன நேரும் என்பதை இந்தோனேசியா அறிந்துகொண்டது. அங்கே பூச்சிநாசினியை எவ்வளவுக்கெவ்வளவு அதிகமாகத் தெளித்தார்களோ, அவ்வளவுக்கவ்வளவு தத்தி பெருகிற்று. காரணம் எளிது. தத்தியின் முட்டைகள் நெற்றண்டின் உள்ளே மறைந்திருப்பதால் மருந்துக்குத் தப்பின. வெளியே திரிந்த சிலந்திகளோ மடிந்தன. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகளுக்குப் பகைவரே இல்லை. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்து அறிஞர் இவ்வுண்மையை வயலிலே நிரூபித்துக் காட்டினர். 1986ஆம் ஆண்டிலே இந்தோனேசிய அரசு 57 வகைப் பூச்சிநாசினிகளை நெல்வயலிலே தெளிக்கக்கூடாதெனத் தடை செய்தது.

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட சிலந்தி இனங்கள் 50,000க்கு மேற்பட்டவை. அவை யாவும் சேர்ந்து ஓராண்டிலே உண்ணும் இரை 40 கோடி முதல் 80 கோடி தொன் வரை இருக்கலாமென 2017ஆம் ஆண்டில் ஐரோப்பிய விஞ்ஞானிகள் இருவர் கணக்கிட்டனர். அவ்விரையின் பெரும்பகுதி பூச்சிகளே. நமது சோற்றுக் கோப்பைக்கும் சிலந்திக்கும் உள்ள உறவு இப்பொழுது விளங்குகிறதன்றோ?

ஒரே வலை, இரு பார்வை

நம் முன்னோர் சிலந்தியை வெறுத்தே ஒதுக்கினர் என்று எண்ணுவதும் தவறு. திருவானைக்காவின் வரலாற்றைச் சைவக் குடும்பத்துப் பிள்ளைகள் அறிவார்கள். வெண்ணாவல் மரத்தின்கீழே இருந்த சிவலிங்கத்தின்மீது சருகு விழாதவாறு ஒரு சிலந்தி தன் வாய்நூலால் விதானம் அமைத்தது. வழிபட வந்த யானை அதனை அசுத்தம் என்று கருதி அழித்தது. சிலந்தி மீண்டும் பின்னியது. யானை மீண்டும் அழித்தது. இறுதியிற் சிலந்தி துதிக்கையினுட் புகுந்து கடிக்க, இரண்டும் உயிர்நீத்தன. அச்சிலந்தியே கோச்செங்கட் சோழனாகப் பிறந்து சிவாலயங்கள் பல எடுப்பித்தது என்று பெரியபுராணம் கூறுகிறது. ஒரே வலை, சிலந்திக்கு விதானமாயிற்று, யானைக்கு ஒட்டறையாயிற்று. இரண்டும் செய்ய விரும்பியது வழிபாடே.

காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் உள்ள பிள்ளைகள் வேறொரு வரலாற்றைக் கேட்டிருப்பார்கள். 622ஆம் ஆண்டிலே மக்காவை விட்டு நீங்கிய நபிகள் நாயகமும் தோழர் அபூபக்கரும் தௌர் என்னும் குகையிலே தங்கியபோது, வாயிலிலே சிலந்தி வலை பின்னியிருக்கக் கண்டு, தேடிவந்தோர் உள்ளே ஒருவருமில்லை எனத் திரும்பினர் என்பது வழிவழி வந்த செய்தி. குர்ஆனின் 29ஆம் அத்தியாயமும் சிலந்தியின் பெயரையே தாங்கி நிற்கிறது.

அச்சத்தை ஆற்றும் வழி

சிலந்தியின் பெருமையை எவ்வளவு எடுத்துரைத்தாலும், உண்மையாகவே அஞ்சுபவரின் நடுக்கம் பேச்சினால் மட்டும் தீர்வதில்லை. “இதற்குப் போய்ப் பயப்படுகிறாயே!” என்ற ஏளனம் அதனை வளர்க்கும். பிள்ளையைப் பிடித்திழுத்துச் சிலந்தியின் முன்னே நிறுத்துவது கொடுமை. இறந்த சிலந்தியைத் தங்கையின் புத்தகத்துக்குள் வைத்து வேடிக்கை பார்க்கும் அண்ணன்மாருக்கும் ஒரு வார்த்தை: ஒரு நிமிடச் சிரிப்புக்காக ஒரு வாழ்நாளின் அச்சத்தை விதைக்காதீர்கள்.

சரியான வழியை 1924ஆம் ஆண்டிலேயே மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி காட்டினார். பீற்றர் என்று அவர் குறிப்பிட்ட மூன்று வயதளவான சிறுவன் முயலுக்கு அஞ்சினான். பஞ்சையும் இறகையும் கண்டாலும் அஞ்சினான். அவனுக்கு விருப்பமான உணவைக் கொடுத்து, அவன் உண்ணும் வேளையிலே கூண்டிலிட்ட முயலைத் தூரத்திலே வைத்தார். நாளுக்கு நாள் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்தார். அவன் முகம் வாடினால் அங்கேயே நிறுத்தினார். ஈற்றிலே பீற்றர் முயலைத் தானே தொட்டு விளையாடலானான். சுவீடன் தேசத்து உளவைத்தியர் லார்ஸ் யோரான் ஓஸ்ட் என்பவர், இதே முறையைப் பின்பற்றிப் பலருடைய சிலந்தி அச்சத்தை மூன்று மணி நேரத்துக்குட்பட்ட ஒரே அமர்விலே பெரிதும் தணிக்கலாமென 1989ஆம் ஆண்டில் எழுதினார்.

வீட்டிலும் இதனைச் செய்யலாம். “அம்மம்மா, சிலந்தி!” என்று பேத்தி அலறினால், “எங்கே மகள்? வா, இரண்டுபேரும் தள்ளி நின்று பார்ப்போம்” என்று கையைப் பற்றிக்கொள்ளுங்கள். முதல் நாள் வாசலிலே நின்று பார்த்தாற் போதும். அது என்ன செய்கிறது, எத்தனை கால், எதைத் தின்கிறது என்று கேளுங்கள். இன்னொரு நாள் அதன் படத்தை வரையச் சொல்லுங்கள். பிறிதொரு நாள் வீட்டுச் சிலந்தியொன்றைக் கண்ணாடிக் குவளையால் மெதுவாக மூடி, அடியிலே தடித்த அட்டையொன்றைச் செருகி, வளவின் மூலைக்குக் கொண்டுசென்று விட்டுவிடுங்கள். பிள்ளை எட்ட நின்று பார்க்கட்டும். எவ்வளவு அருகே வருவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை பிள்ளைக்கே இருக்கட்டும். சிலந்தியைப் பற்றிய நினைவே உறக்கத்தையும் பாடத்தையும் கெடுக்குமளவுக்கு அச்சம் மிகுந்திருந்தால், உளவைத்தியரை நாடுவதிலே வெட்கப்பட ஒன்றுமில்லை.

சில முன்னெச்சரிக்கைகளும் வேண்டும். மாரிகாலத்திலே கட்டிலைச் சுவரிலிருந்து சிறிது தள்ளிப் போடுங்கள். நுளம்புவலையின் ஓரங்களைப் பாய்க்கடியிலே செருகுங்கள். கொடியிற் கிடக்கும் உடையையும் மூலையிற் கிடக்கும் சப்பாத்தையும் உதறிவிட்டு அணியுங்கள். சாக்கையும் விறகையும் வெறுங்கையால் வாரி எடுக்காதீர்கள். மயிரடர்ந்த பெருஞ்சிலந்தியைக் கண்டாற் பிடிக்க முயலாது கதவைத் திறந்துவிட்டு வழிவிடுங்கள். உடலின் ஒருபக்கத்திலே கொப்புளமும் எரிவும் கண்டால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். அந்த மூன்று நாட்கள் பொன்போன்றவை.

இவற்றையெல்லாம் செய்தபின்னும், மழை பெய்யும் ஓர் இரவிலே சுவர்மீது எட்டுக்கால்கள் ஊர்வதைக் கண்டு உங்கள் நெஞ்சு ஒருமுறை திடுக்கிடலாம். திடுக்கிடட்டும், அது பிறவியிலே வந்த சுபாவம். தும்புத்தடியை மட்டும் உடனே எடுக்காது, ஒரு நிமிடம் நின்று, வந்திருப்பவர் மூவருள் எவர் என்று பக்கத்திலுள்ள பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள்.